ஆவாரையைக் காது பார்த்து அடையாளம் காண்பது எப்படி

போகியன்று மாலையில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களில் வீட்டு வாசல், மாட்டுக் கொட்டகை, கொல்லை, கிணற்றுமேடு என எல்லா இடங்களிலும் காப்புக் கட்டுவது வழக்கம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகிய மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். மாவிலையும் பிரண்டையும் தும்பையும் ஊருக்கு ஊர் கூடும், குறையும். சில ஆண்டுகளுக்கு முன்பு, கரட்டுப் பக்கம் போய்ப் பறித்துவர நேரமில்லாமல், டவுனில் கட்டாக விற்றதை வாங்கிவந்தேன். என் அத்தை கட்டைப் பிரித்தார். மஞ்சள் பூக்கொத்தின் பூவை அவர் பார்க்கவே இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவினார். "இதுல காது எங்கடா இருக்குது? இது ரோட்டோரத்துக் கொன்னை" என்று சொல்லி, அந்தக் கொத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

அன்று கட்டில் இருந்தது சாலையோர நிழலுக்காக நடப்படும் மஞ்சக்கொன்றை. காப்பில் அது இடம்பெற்றதால் யாருக்கும் கெடுதல் வந்துவிடப் போவதில்லை. ஆனால் அதே தவறு தேநீருக்கும் கஷாயத்துக்கும் குளியல் பொடிக்கும் பூப் பறிக்கும்போது நேர்ந்தால் நிலைமை வேறு. நம் பகுதியில் மஞ்சள் பூவும் சிறகு போன்ற கூட்டிலையும் கொண்ட செடிகளும் மரங்களும் குறைந்தது ஐந்தாறு உண்டு. அவற்றுள் ஒன்றின் விதை குழந்தைகளின் உயிரை எடுக்கக்கூடியது. ஆகவே, ஆவாரையைத் தேடிப் போகிறவர்கள் மஞ்சளை நம்பக் கூடாது என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது.

எங்கே தேடுவது

ஆவாரை வறண்ட செம்மண்ணின் செடி. பென்னாகரம் சாலையின் இருபுறத்துப் பொட்டல்கள், தொப்பூர்க் கணவாயின் சரிவுகள், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து மேய்க்கால் நிலங்கள், சூளகிரி, இராயக்கோட்டைப் பாறைக் குன்றுகளின் அடிவாரங்கள், ஏரிக்கரையின் வெளிப்புறம், மானாவாரிக் கொல்லையின் வரப்பு ஆகிய இடங்களில் இதைப் பார்க்கலாம். நீர் தேங்கும் தாழ்வான நிலத்திலும், அடர்ந்த மர நிழலிலும் தேடிப் பயனில்லை. அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்துக்கு உட்பட்டு, சில இடங்களில் அதைச் சற்றே தாண்டியும் வளரும் குத்துச்செடி இது. ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து மரமாகிவிட்டதென்றால் அது பெரும்பாலும் வேறொன்று.

வழியில் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் பேச்சுமொழி மாறிவிடுவதை நினைவில் கொள்ளுங்கள். தெலுங்கு பேசுவோர் இதைத் தங்கேடு என்பார்கள். கன்னடம் பேசுவோர் தங்கடி என்றும் ஆவரிகே என்றும் சொல்வார்கள். தெலங்கானாவின் மாநில மலர் இதுதான். அங்கே பதுக்கம்மா பண்டிகையில் பூவை அடுக்கும்போது தங்கேடு முதன்மையாக இடம்பெறும். தமிழில் பழைய பெயர் ஆவிரை. சங்கப் பாடல்களில், தன் காதலை ஊரறியச் சொல்லப் பனைமடல் குதிரைமேல் ஏறும் மடலேற்றத்துக்குத் துணிந்த தலைவன் எருக்கோடும் பூளையோடும் சேர்த்து அணிந்த பூ இதுவே. அந்தப் பூளையும் ஆவிரையும் இன்றைக்கும் நம் காப்புக்கட்டில் ஒன்றாகவே இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

காதைப் பாருங்கள்

செடியின் அருகே போனதும் பூவை விட்டுவிட்டு, இளங்கிளை ஒன்றைக் கையில் பிடித்து, இலைக்காம்பு தண்டோடு ஒட்டும் இடத்தை நோக்குங்கள். காம்பின் அடியில், தண்டைத் தழுவியபடி, பச்சையான வட்ட இலைத் துண்டு போன்ற ஒன்று இருக்கும். சிறுநீரக வடிவம் என்றும் சொல்லலாம், குழந்தையின் காதுமடல் என்றும் சொல்லலாம். அதன் ஒரு பக்கம் நூல்போல் மெல்லிய முனையாக நீண்டிருக்கும். தாவரவியலில் இதற்கு இலையடிச்செதில் என்று பெயர். பெரும்பாலான செடிகளில் இந்தச் செதில் மிகச் சிறியதாக இருக்கும். பல செடிகளில் இலை விரிந்தவுடன் உதிர்ந்தும் போய்விடும். ஆவாரையில் அது பெரிதாகவும் இலையைப் போன்ற பச்சையாகவும் இருப்பதோடு, இலை உள்ளவரை உதிராமலும் நிற்கும். லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிக்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்டார். இலத்தீனில் ஆரிகுலா என்றால் சிறு காது. பிற்காலத்தில் இச்செடி சென்னா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்ட பிறகும் இந்தக் காது பெயரை விட்டுப் போகவில்லை. தாவரவியல் படிக்காத என் அத்தையும், தாவரங்களுக்குப் பெயர் வைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓர் அறிஞரும் ஒரே அடையாளத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்பதால்தான் இதையே முதல் சோதனையாக வைக்கிறேன்.

ஒரே கிளையில் பல கணுக்களைப் பாருங்கள். முற்றிய அடிக்கிளையில் காதுகள் காய்ந்து விழுந்திருக்கக் கூடும். நுனியிலிருந்து நான்கைந்து கணுக்கள் வரை தெளிவாக இருக்கும். அங்கே எதிலுமே காது இல்லையென்றால் அது ஆவாரை இல்லை என்று முடிவுசெய்துவிடலாம்.

அடுத்து, இலையை எண்ண வேண்டும். ஆவாரையின் இலை இரட்டைப்படைக் கூட்டிலை. அதாவது நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்து, நுனியிலும் ஓர் இணையோடு முடியும். வேப்பிலையில் பல நேரங்களில் காண்பது போல நுனியில் தனிச் சிற்றிலை இங்கே நிற்காது. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு இணைகள் இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ. நீளத்தில், இரு முனைகளும் மழுங்கி, நுனியில் மட்டும் மயிர்போன்ற ஒரு சிறு கூர் துருத்திக்கொண்டிருக்கும். மேற்புறம் மங்கிய பச்சை, அடிப்புறம் அதைவிட வெளிறியது. இலையைச் சாய்த்துப் பிடித்து, இணையான இரு சிற்றிலைகள் நடுநரம்பில் சேரும் இடத்தைக் கவனித்தால், அங்கே நிமிர்ந்து நிற்கும் மெல்லிய குச்சி போன்ற ஒரு சுரப்பி தெரியும். ஒன்றிரண்டு இணைகளில் மட்டுமல்லாமல் இணைதோறும் இருக்கும். கண் மங்கியவர்கள் கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தச் சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத் தேடி எறும்புகள் இலைமேல் அலைவதையும் காணலாம்.

காதும் சுரப்பியும் சிற்றிலை எண்ணிக்கையும் ஒத்துவந்தால், பூவே இல்லாத கோடைக்காலத்திலும் நீங்கள் ஆவாரையை உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பூவுக்குள் நடப்பது

ஆண்டின் பல மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆவாரை பூத்துக்கொண்டே இருந்தாலும், மழை முடிந்து பனி இறங்கும் காலத்தில்தான் கரடே மஞ்சளாகும். கிளை நுனியில் உள்ள இலைக் கக்கங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் சிறுசிறு கொத்துகள் எழுந்து, தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒரே பெரிய கொத்தாகத் தோன்றும். ஒரு பூவைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஐந்து இதழ்கள், விளிம்புகள் சுருக்கு வைத்துத் தைத்த துணி போலக் கசங்கியிருக்கும், மஞ்சளின் ஊடே செம்மஞ்சள் நரம்புகள் ஓடும். பூவுக்கு அடியிலுள்ள ஐந்து புல்லி இதழ்களும் ஒரே அளவில் இருக்காது.

இப்போது நடுப்பகுதியைப் பாருங்கள். பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். ஆனால் அவை ஒரே மாதிரி இருக்காது. மேற்புறத்தில் உள்ள மூன்று சிறுத்து, மலடாகிப் போனவை. கீழ்ப்புறத்தில் உள்ளவை நீண்டு வளைந்து, சூல்தண்டோடு சேர்ந்து யானைத் தந்தம்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. தேனீக்கும் வண்டுக்கும் இது தரும் கூலி மகரந்தம் மட்டுமே. அதையும் எளிதில் தருவதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்துவிடும். இதில் நுனியில் உள்ள சிறு துளையின் வழியாகத்தான் மகரந்தம் வெளிவர முடியும். ஆகவே பூவைப் பற்றிக்கொண்டு உடலையே அதிரவைக்கக்கூடிய பூச்சிகள்தான் இதில் முழுப் பலன் பெறுகின்றன. மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு அவற்றுள் முதன்மையானது. காலை வெயில் ஏறும் வேளையில் செடியருகே அசையாமல் நின்றால், அது பறந்து வரும்போது ஒரு ரீங்காரமும், பூவில் அமர்ந்தபின் அதைவிடக் கூர்மையான வேறொரு ரீங்காரமும் கேட்கும். இரண்டாவது ஒலி மகரந்தத்தை உதறும் ஒலி. அது போனபின் அதே பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: இதழ்களில் மஞ்சள் பொடி சிதறியிருக்கும்.

இச்செடியை உண்டு வாழ்கிறவை வேறு. சுண்ணாம்பு வெள்ளையில் இளம்பச்சை கலந்த சிறகுடைய ஒரு பட்டாம்பூச்சி ஆவாரையின் இளந்தளிரில் முட்டையிடும். அதன் புழு இலையின் பச்சையிலேயே இருப்பதால் எளிதில் தென்படாது. இலை ஓரம் கடிபட்டிருந்தால் நடுநரம்பின் மேல் தேடுங்கள். பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசையும் அதை ஒட்டிய வெளிர்க்கோடும் கொண்ட பச்சைப் புழு படுத்திருக்கும். பூச் சேகரிக்கிறவர்கள் அதற்காகச் செடிமேல் மருந்து தெளித்துவிடாதீர்கள்.

காய் தட்டையானது, 7 முதல் 11 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம் இருக்கும். முற்றினால் வெளிறிய பழுப்பாகிக் காகிதம்போல் மெலிந்து, விதைக்கு விதை மேடும் பள்ளமுமாக நெளியும். நுனியில் பழைய சூல்தண்டின் மிச்சம் வால்போல் நிற்கும். பன்னிரண்டு முதல் இருபது விதைகள் வரை இருக்கும். காய்ந்த நெற்றைக் காதருகே ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும்.

எவற்றோடு குழம்பக் கூடாது

மிக முக்கியமானது பேயாவிரை. சிலர் இதையே பொன்னாவிரை என்றும் சொல்வதால் பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. குப்பைமேடு, கைவிடப்பட்ட மனை, சாலையோரப் பள்ளம் ஆகியவற்றில் மழைக்குப்பின் முளைக்கும். சிற்றிலைகள் நான்கு அல்லது ஐந்து இணைகள்தான். ஒவ்வொன்றும் ஆவாரையின் சிற்றிலையைவிடப் பெரியது, நுனி ஈட்டிபோல் கூரியது. காது கிடையாது. சுரப்பி இணைதோறும் இல்லாமல், இலைக்காம்பின் அடியில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். காய் தட்டையாக இருந்தாலும் மேல்நோக்கிச் சற்றே வளைந்து, நடுவில் பழுப்பும் விளிம்பில் வெளிர்நிறமுமாக இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் ஆண்டுதோறும் மழைக்குப் பிந்தைய மாதங்களில் சிறு குழந்தைகள் திடீரென்று வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். நெடுங்காலம் அது மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆராய்ந்த மருத்துவர்கள், விளையாட்டாகப் பேயாவிரையின் காயைத் தின்றதே காரணம் என்றும், கல்லீரலும் தசையும் மூளையும் ஒருசேரத் தாக்கப்படுகின்றன என்றும் கண்டறிந்தார்கள். அதே செடி நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரோரத்திலும் அங்கன்வாடிப் பின்புறத்திலும் வளர்கிறது. அடையாளம் தெரிந்தவர்கள், அது பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. குழந்தை தின்றுவிட்டதாக ஐயம் ஏற்பட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவை எளிது. தகரைக்கு மூன்று இணைச் சிற்றிலைகள்தான். காய் கொடிபோல் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். சீமை அகத்தியின் இலை முழ நீளம் போகும். பூக்கொத்து மெழுகுவத்திபோல் நிமிர்ந்து நிற்கும். மஞ்சக்கொன்றையும் சரக்கொன்றையும் மரங்கள். சரக்கொன்றையின் கொத்து தலைகீழாகத் தொங்கும், காய் உருண்ட தடிபோல் இருக்கும். நிலாவரை என்ற பெயரைக் கேட்டு ஆவாரை என்று எண்ணிவிடக் கூடாது. அது பேதிக்குத் தரும் மூலிகை, அதன் சிற்றிலைகள் கூரியவை.

ஆடு விட்டுவைத்த செடி

கரட்டில் புல்லும் தளிரும் மிச்சமில்லாமல் மேயப்பட்ட பிறகும் ஆவாரை மட்டும் தழைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடுமாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. மேய்ச்சல் மிகுந்த பொது நிலங்களில் இது நிலைத்திருப்பதற்கு அதுவே பெரிய காரணம். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடும். தழைச்சத்துக்காக ஆவாரந்தழையைக் கழனியில் மிதித்து நெல் நட்ட காலம் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் இதுவும் வேர்முண்டுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்க்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. சென்னாப் பேரினத்துச் செடிகளில் வேர்முண்டு உண்டாவதில்லை. வேண்டுமானால் ஒரு சிறு செடியைப் பிடுங்கி, நிலக்கடலை வேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து வேர் எடுத்ததைத் தழை திருப்பித் தருகிறது, அவ்வளவே.

பட்டையின் கதை தனி. ஆவாரம்பட்டையில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. தோலைக் கெடாமல் பதப்படுத்துவது அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான பதனிட்ட தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தப் பட்டையே. கிருஷ்ணகிரிக்கு அடுத்துள்ள வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களின் தோல் தொழிலும் அந்த மரபில் வந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்திறங்கியது, குரோமிய உப்பு வந்தது. ஆவாரம்பட்டை உரிக்கும் வேலை அருகிவிட்டது.

மருந்தாகக் கொள்வோருக்கு

சித்த மருத்துவத்தில் ஆவாரையின் இலை, பூ, காய், பட்டை, வேர் ஆகிய ஐந்தும் மருந்து. நீரிழிவுக்குத் தரப்படும் ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், மருதம்பட்டை உள்ளிட்ட வேறு சரக்குகளும் சேரும். சர்க்கரை அளவை இது குறைப்பதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் அதற்குமேல் ஆவாரம்பூக் கஷாயத்தையும் நாள்தோறும் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றி விழ நேரலாம். மாறாக, கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறி உறுப்புகளைக் கெடுக்கும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பறிப்பதென்றால், பனி உலர்ந்தபின் காலையில், அன்று மலர்ந்த பூவை மட்டும் பறியுங்கள். நெடுஞ்சாலை ஓரச் செடிகளையும் கல்குவாரித் தூசி படியும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு செடியில் பாதிப் பூவையாவது வண்டுக்கும் காய்க்கும் விட்டுவைக்க வேண்டும். கிளையை ஒடிக்காமல், கொத்தின் அடியில் உள்ள ஒரே ஓர் இலையைக் காதோடு சேர்த்துக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஐயப்பட்டால் காட்டுவதற்கு அது உதவும். பூவை நிழலில் வெள்ளைத் துணிமேல் பரப்பி, தொட்டால் நொறுங்கும்வரை உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வைக்கலாம். கடையில் காய்ந்த பூவாக வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடியைத் தட்டில் கொட்டி, கலந்துவந்த இலைத் துணுக்குகளைப் பொறுக்கிப் பாருங்கள். நுனி கூரிய சிற்றிலைகள் பல தென்பட்டால் அந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

வேலியோரத்தில் வளர்க்க விரும்பினால், மாசி பங்குனியில் முற்றிய நெற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். விதையின் தோல் கடினமானது என்பதால் அப்படியே விதைத்தால் முளைப்பு மிகவும் தாமதமாகும். கொதித்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு, அதை விதைமேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் உப்பிய விதைகளை மட்டும் எடுத்து, முதல் மழைக்குப்பின் விரற்கடை ஆழத்தில் நேரடியாக நிலத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்காத இடமாக மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்; எரு தேவையில்லை. என் வீட்டு வேலியில் இப்போது ஒன்பது செடிகள் நிற்கின்றன. போகிக்கு நான் கட்டு வாங்கப் போவதில்லை. தெருவில் கேட்டு வருகிறவர்களுக்கும் கிளையை நீட்டி, காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் பூவைக் கொடுக்கிறோம்.